கடல் பக்கத்துக் கதவு

வீட்டுக்குள் வெளிச்சம் வேண்டும் என்று கேட்டேன். அண்ணன் ஒரு ரியூப் லைற் வாங்கிக்கொண்டு வந்து தந்தார். நான் கேட்டது லைற் இல்லை, கதவு. அது அவருக்கும் தெரியும்.

மன்னார்த் தீவின் தென்கரையில் எங்கள் வீடு. முகம் கோயில் றோட்டுக்கு, முதுகு கடலுக்கு. பின்பக்கம் சீமெந்து போட்ட விறாந்தை, அதற்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல். ஹோலில் இருந்து அந்த விறாந்தைக்கு இறங்க ஒரு பெரிய இரட்டைக் கதவு இருந்தது. வெளிப்பக்கம் நீலப் பெயின்ற். ஆனால் அதால் ஒருவரும் இறங்குவதில்லை. பிரச்சினைக் காலத்தில், ஆமிக்காரர் கடற்கரையால் நடந்து வந்து வீடுகளுக்குள் பின்பக்கமாக ஏறிய ஒரு கிழமையில், அப்பா உள்ளே நின்று குறுக்குப் பலகை வைத்து ஆணி அறைந்தார். வீட்டில் குமர்ப்பிள்ளை இருக்கிறது என்றார். அந்தக் குமர்ப்பிள்ளை நான்தான்.

பிறகு இடம்பெயர்ந்து போனோம். திரும்பி வந்தபோது ஓடுகள் பாதி இல்லை. யன்னல்கள் இல்லை. கிணற்றுக் கப்பிகூட இல்லை. அந்தக் கதவை மட்டும் ஒருவராலும் கழற்ற முடியவில்லை. அப்பா அறைந்த ஆணி அப்படி. அப்பா செத்தார், அம்மா செத்தார், சண்டை முடிந்தது, ஆமிக்காரர் அதே கடற்கரையில் கிரிக்கெற் விளையாடுகிற காலமும் வந்தது. எனக்குத் தலை நரைத்தது. கதவு மட்டும் இன்னும் குமர்ப்பிள்ளைக்குக் காவல் நின்றது.

நான் கலியாணம் கட்டவில்லை. எனக்குச் சீதனமாக எழுதிய வீட்டில் நானே தனியாக இருக்கிறேன். அதில் ஒருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் சொல்லுவார்கள். தையல்தான் என் தொழில். பள்ளிக்கூடச் சட்டை, மாதா கோயிலில் முதல் நன்மை எடுக்கிற பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைக்கிறவளுக்குத்தான் இருட்டு என்றால் என்னவென்று தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்கும் யன்னல் இல்லாத எங்கள் ஹோலில் லைற் எரிய வேண்டும். கறண்ட் போனால் மெசினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கடல் முழுக்க வெயில் கொட்டிக் கிடக்கிறது. இந்தப் பக்கம் நான் ஊசிக்கு நூல் கோர்க்க முடியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருக்கிறேன். எனக்கு விசர் பிடித்ததில் என்ன அதிசயம்?

"அந்தக் கதவைக் கழட்டிப்போட்டுப் புதுசு போடப்போறன்" என்று அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

அண்ணன் ஒரு சம்மாட்டி. சொந்த வள்ளம், சொந்த வலை, கீழே வேலை செய்ய ஆட்கள். கடலில் அவர் வாய் திறந்தால் எல்லாரும் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில் கரையிலும் திறப்பார்.

"தனிய இருக்கிற பொம்பிளைக்குக் கடல் பக்கம் என்னத்துக்கடி கதவு?" என்றார். "குடிச்சிட்டுக் கரையில கிடக்கிறவனெல்லாம் உள்ளுக்கு வருவான்."

"உங்கட வள்ளத்து ஆக்கள்தானே குடிச்சிட்டுக் கிடக்கினம். அவையளுக்கு நீங்கள் சொல்லுங்கோ."

"கதையை மாத்தாத. கதவு உக்கிப்போச்செண்டா சொல்லு, நான் கல்லு இறக்கித் தாறன், சீமெந்து தாறன். ஒரேயடியா அடைச்சு விடுவம். கரைச்சல் இல்லை."

"செத்தாப் பிறகு என்னைச் சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடையுங்கோ அண்ணை. உயிரோட இருக்கேக்க அடைக்கேலாது."

அண்ணனின் மனைவி, என் மச்சாள், பக்கத்தில் நின்று, "சும்மா விடுங்கோவன், அவவின்ர வீடுதானே" என்றா. அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மச்சாள் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போய்விட்டா. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கதவை நீ திறந்தியெண்டா நான் உன்ர வாசற்படி மிதிக்கமாட்டன். மாதாவாணை."

"மிதிக்காதேங்கோ. படி தேயாமல் இருக்கும்."

இது நடந்தது சோளகக் காலத்தில். சோளகம் தெற்கிலிருந்து அடிக்கிற நாட்களில் எங்கள் பக்கக் கடல் கொதிக்கும். தீவின் இந்தக் கரையில் தொழில் செய்ய முடியாது. எல்லாரும் வள்ளங்களைக் கொண்டுபோய் வடகரையில் ஓலைக் கொட்டில் கட்டி, வாடி போட்டு இருப்பார்கள். காற்று விழுந்த பிறகுதான் தென்கரைக்குத் திரும்புவார்கள். அண்ணனும் அப்போது வடகரையில்தான் தொழில். கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து என்னோடு சண்டை பிடித்துவிட்டுப் போவார். அந்தச் சத்தியத்துக்குப் பிறகு அதுவும் இல்லை. இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

தீவிலேயே இருக்கிற தாராபுரத்தில் இருந்து ஓடாவியாரைக் கூப்பிட்டேன். தச்சு வேலைக்கு எங்கள் பக்கம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்து அளவு எடுத்தார். எனக்கு இரண்டு பலகை வேண்டும், மேல்பாதிக்குக் கண்ணாடி வேண்டாம், முழு மரம், பித்தளைப் பிணைச்சல், கதவு வெளியே திறக்க வேண்டும் என்று சொன்னேன். கடைசிச் சொல்லில் அவர் பென்சிலைக் காதில் செருகிவிட்டார்.

"தங்கச்சி, வீட்டுக் கதவு உள்ளுக்குத்தான் திறக்கும். எல்லாரும் அப்பிடித்தான் போடுறது."

"எல்லாரும் போடட்டும். என்ர கதவு வெளிய திறக்கும்."

"சோளகம் அடிச்சா?"

"சோளகம் வெளியில இருந்துதானே அடிக்கும் ஓடாவியார்? உள்ளுக்குத் திறக்கிற கதவெண்டா காத்து தள்ளிக்கொண்டு வீட்டுக்குள்ள வரும். வெளிய திறக்கிறதெண்டா அதுவே அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். அதுமட்டுமில்லை, உள்ளுக்குத் திறந்தா என்ர மெசினை எங்க வைக்கிறது? உங்கட தலையிலயோ?"

அவர் சிரித்தார். "திறந்து வைக்கேக்க?"

"முழுசாத் திரும்பிச் சுவரில போய்ச் சாய வேணும். சுவரில கொண்டி போட்டுத் தாங்கோ, மாட்டி வைக்கிறன்."

"உங்கட அண்ணர் வந்து என்னை அடிப்பார்."

"அவர் வந்தா எனக்குப் பின்னால வந்து நில்லுங்கோ."

"யா அல்லா" என்று சொல்லிக்கொண்டு அளவை எழுதினார்.

என்ன நிறம் என்று கேட்டார். வெளிப்பக்கம் பழைய நீலமே இருக்கட்டும் என்றேன். கோயில் திருவிழாவுக்கு முன்னால் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்கும்போது மிஞ்சுகிறதைக் கொண்டுவந்து அண்ணனின் ஆட்கள் அந்தக் கதவுக்கு அடித்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு வருசமும் அப்படித்தான். அப்பா காலத்துப் பழக்கம். இடிந்த வீட்டுக்குத் திரும்பி வந்த வருசம்கூட, கூரைக்கு முன்னால் கதவுக்குப் பெயின்ற் வந்தது. எனக்குச் செய்கிற உதவி என்று நினைத்திருந்தேன். உள்பக்கத்துக்கு மஞ்சள் அடிக்கச் சொன்னேன். இருட்டில் கிடந்த ஹோலுக்கு மஞ்சள் நல்லது.

கதவு கழற்றிய நாளை நான் மறக்கமாட்டேன். அப்பாவின் ஆணிகளை ஓடாவியார் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கடைசி ஆணி வந்தவுடன் கடப்பாரையை வைத்து நெம்பினார். கதவு விழவில்லை, உதிர்ந்தது. உள்ளே மரமே இல்லை. கறையான் தின்று முடித்திருந்தது. வருசா வருசம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடித்த நீலப் பெயின்ற் தடித்துப்போய், அந்தத் தோல்தான் கதவாக நின்றிருக்கிறது. நிலைக்கு மேலே, காய்ந்த குருத்தோலைச் சிலுவைகள் கட்டாகச் செருகிக் கிடந்தன. திறக்காத கதவுக்கும் ஒவ்வொரு குருத்து ஞாயிறும் அம்மா செருகியது. அவற்றை எடுத்து, விபூதிப் புதனுக்குச் சாம்பலாக எரிக்கக் கோயிலில் கொடுத்துவிட்டேன்.

"ஒரு பூனை சாய்ஞ்சிருந்தாலே விழுந்திருக்கும்" என்றார் ஓடாவியார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை காலமும் என்னைக் காக்கிறது என்று சொல்லி என்னை இருட்டில் வைத்தது கதவுகூட இல்லை, பெயின்ற். வருகிறவன் ஒரு விரலால் தள்ளியிருந்தால் வந்திருப்பான். ஒருவனும் வரவில்லை. அது அடைத்தது என்னை மட்டும்தான்.

அப்போது வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஹோலின் சீமெந்து நிலம் பச்சை நிறம் என்பது மறந்தே போயிருந்தது, அன்றைக்குத்தான் திரும்பப் பார்த்தேன். நான் பிறந்து வளர்ந்த வீடு.

சுவர் உடைந்த இடத்தைப் பூசிப் புது நிலையை வைத்தார்கள். சீமெந்து இறுகுவதற்கு நாள் வேண்டும், கதவுப் பலகைகள் தாராபுரத்தில் இன்னும் சீவி முடியவில்லை. அதுவரைக்கும் வாசலுக்குக் கிடுகு கட்டித் தொங்கவிட்டேன். தென்னோலைக் கிடுகு, மண் நிறம். கதவே இல்லாத வீட்டில் நான் தனியாகப் படுத்தெழும்பினேன். கள்ளன் வரவில்லை. குடிகாரன் வரவில்லை. ஒரு நாய் வந்து மெசினுக்குக் கீழே படுத்துவிட்டுப் போனது.

அதற்குள் சோளகம் விழுந்துவிட்டது. வடகரைக்குப் போன வள்ளங்கள் எங்கள் கரைக்குத் திரும்பத் தொடங்கின.

அண்ணனின் வள்ளம் வடகரையில் இருந்து தொழிலுக்குப் போய், காலையில் முதல் தரமாக எங்கள் கரைக்குத் திரும்பி வருகிற நேரம், நான் கிடுகை ஒதுக்கிவிட்டு மெசினில் இருந்தேன். கடலில் சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தம் ஒரு தரம் கத்தி நின்றுபோனது. பிறகு ஆட்களின் சத்தம். எழும்பிப் போய்ப் பார்த்தேன். வள்ளம் கரைக்குச் சற்று அப்பால் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறது. ஆட்கள் தண்ணீரில் குதித்துத் தள்ளுகிறார்கள். அந்த இடத்தில் கடலுக்கு அடியில் நீளமாகக் கல்லுத் திட்டு கிடக்கிறது, பார் என்போம். அந்தப் பாரில் ஒரே ஓர் இடைவெளிதான் உண்டு, அதால்தான் வள்ளங்கள் உள்ளே வரவேண்டும் என்பது எனக்கும் தெரியும். எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைப் பெண்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை.

ஒருவருக்கும் காயம் இல்லை. எஞ்சின் விசிறி உடைந்துபோனது. அண்ணன் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்து, மணலில் ஏறி, நேரே என் விறாந்தைக்கு முன்னால் வந்து நின்றார். சாரத்தில் இருந்து தண்ணீர் ஓடுகிறது.

"எங்கயடி நீலம்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன நீலம்?"

"கதவடி! கதவு எங்க?"

"கழட்டியாச்சு. நீங்கள்தானே கல்லு வைச்சு அடைக்கச் சொன்னனீங்கள்?"

அண்ணன் சாரத்தைப் பிழிந்தார். பின்னால் வந்த அவருடைய ஆள் ஒருவர், அப்பாவின் காலத்திலிருந்தே எங்கள் வள்ளத்துக்குப் போகிறவர், எனக்கு விளக்கம் சொன்னார்.

"தங்கச்சி, கோயில் கோபுரம் உங்கட நீலக் கதவுக்கு நேர மேல வரவேணும். அப்பதான் பாரின்ர இடைவெளி நேர வரும். கோபுரம் விலகினா நாங்களும் விலகிப்போனம் எண்டு அர்த்தம். உங்கட கொப்பர் காட்டித் தந்தது. நீலத்தைப் பிடி, நீலத்தைப் பிடி எண்டுதான் கடலில சொல்லுறது. அது மங்கக்கூடாதெண்டுதான் வருசா வருசம் பெயின்ற் அடிக்கிறது."

"அப்ப இண்டைக்கு எதைப் பிடிச்சனீங்கள்?"

அவர் அண்ணனைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்தார். பிறகு அடக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"அங்கால வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மேல நீலப் படங்குச் சீலை ஒண்டு புதுசாக் கட்டியிருக்கு. சம்மாட்டியார் அதைப் பிடிச்சிட்டார்."

கரைக்கு வந்து சேர்ந்த மற்ற ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். நான் திருப்பவில்லை. முகத்துக்கு நேரே சிரித்தேன். பிறகு எனக்கு வந்த கோபம் சிரிப்பைத் தின்றுவிட்டது.

"இவ்வளவு காலமும் என்ர கதவைப் பாத்துத்தான் வீடு வந்து சேர்ந்தனீங்கள். எனக்கு ஒரு சொல் சொன்னீங்களோ? அதுக்குள்ள அதைக் கல்லு வைச்சு அடைக்கச் சொல்லி எனக்குப் புத்தி வேற!"

"வடகரையில நிண்டனான். கடல் நினைப்பு வரேல்லை" என்றார் அண்ணன். "கடலில நிக்கேக்க அது நீலம். கரைக்கு வந்தா அது உன்ர கரைச்சல். ரெண்டும் ஒண்டெண்டு மண்டைக்குள்ள வரேல்லை."

அந்த ஒரு வசனத்துக்காக அவரை நான் மன்னித்திருக்கலாம். உண்மையைச் சொன்னார். ஆனால் அடுத்த மூச்சிலேயே கெடுத்துவிட்டார்.

"சரி, கெதியாப் புதுக் கதவைப் போடு. நீலம் அடி. அடிச்சுச் சாத்தி வை."

"சாத்தி வைக்கவோ?"

"திறந்து வைச்சா நீலம் எப்பிடித் தெரியும்? வீட்டுக்குள்ள இருட்டுத்தான் தெரியும்."

மற்ற ஆட்களும் ஓம் ஓம் என்றார்கள். கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்கள். "நாங்கள் வாற நேரம் மட்டுமெண்டாலும் சாத்தி வையுங்கோ அக்கா. காலமை மட்டும்." காலமை! வெயில் நேரே ஏறாமல், கண் கூசாமல், வெள்ளைத் துணியில் நூல் தெளிவாகத் தெரிகிற நேரம் அது ஒன்றுதான். அந்த நேரத்தைத்தான் கேட்கிறார்கள். முன்பு ஆமிக்காகக் கதவைச் சாத்தினார்கள். பிறகு குடிகாரனுக்காக. இப்போது வள்ளத்துக்காக. காரணம் மாறுகிறது, சாத்துகிறது மட்டும் மாறுவதில்லை.

"நான் சாத்தமாட்டன்" என்றேன்.

"அப்ப நாங்கள் கல்லில ஏறிச் சாகிறதோ?" என்று அண்ணன் கத்தினார்.

நான் அவர்களைக் கல்லில் ஏற விடுகிற ஆள் இல்லை. அவர் என் அண்ணன், மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறவள் நான். ஆனால் அதற்காக இருட்டில் குந்தியிருக்கிற ஆளும் நான் இல்லை. விறாந்தையில் இறங்கி, புது நிலைக்கு இரண்டு பக்கமும் சுவரில் ஓடாவியார் அடித்து வைத்திருந்த கொண்டிகளைக் காட்டினேன்.

"என்ர கதவு வெளிய திறக்கும். திறந்தா ரெண்டு பலகையும் ரெண்டு பக்கச் சுவரில மல்லாந்து நிக்கும். உள்பக்கம் கடலைப் பாக்கும். அதுக்கு மஞ்சள் அடிக்கச் சொல்லியிருக்கிறன். நான் கதவைத் திறந்தா உங்களுக்கு ரெண்டு மஞ்சள் தெரியும், நடுவில வாசல். கோபுரத்தை நடுவுக்கு எடுங்கோ. சாத்தினா பழைய நீலம். எது தெரியுதோ அதைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

பழைய ஆள் தலையாட்டினார். "முந்தினதிலும் துலக்கமாத் தெரியும்" என்றார்.

"நீலத்துக்குத்தான் எங்கட கண் பழகினது" என்றார் அண்ணன்.

"மஞ்சளுக்குப் பழக்குங்கோ. நான் இருட்டுக்குப் பழகேல்லையோ?"

கதவு வந்து பொருத்தும்வரைக்கும் அவர்களுக்காகக் கிடுகுக்கு மேல் ஒரு நீலத் துணியைக் கட்டினேன். நானே கட்டினேன், ஒருவரும் சொல்லவில்லை. கடலுக்குப் போனவர்கள் காலையில் அதைப் பிடித்து வந்தார்கள். அண்ணன் மட்டும் அந்த நாட்களில் என் வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. கோயிலில் கண்டாலும் பீடத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பூசை முடிந்த பிறகும் அவ்வளவு பக்தி.

கதவு பொருத்திய மறுநாள் காலை இரண்டு பலகைகளையும் விரியத் திறந்து கொண்டியில் மாட்டினேன். மஞ்சள் எனக்கே கண்ணைக் குத்தியது. மெசினை வாசலுக்கு நேரே இழுத்துப் போட்டேன். காற்று உள்ளே வந்து ஹோல் முழுக்கச் சுற்றி, வெட்டி வைத்த துணிகளைக் கிளப்பி எறிந்தது. அவற்றுக்கு மேல் கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் தைத்தேன். ரியூப் லைற்றை அணைத்தேன்.

தலையை நிமிர்த்தியபோது அண்ணனின் வள்ளம் வந்துகொண்டிருந்தது. பாருக்கு வெளியே கொஞ்சம் நின்றது. இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தது, பிறகு வலப்பக்கம். தேடுகிறார்கள். பிறகு திரும்பி, நேரே என்னைப் பார்த்து வந்தது. என் வாசலுக்கு, என் மெசினுக்கு, என் நெஞ்சுக்கு நேரே. கடற்கரையில் பிறந்தவள் நான். அப்பா ஆணி அறைந்த பிறகு, ஒரு வள்ளம் கரைக்கு வந்து சேருவதை வீட்டுக்குள் இருந்து பார்த்தது அன்றைக்குத்தான். அது தட்டாமல் முட்டாமல் பாரைக் கடந்து மணலில் வந்து ஏறியது. எனக்கு ஊசி விரலில் ஏறாதது அதிசயம்.

அண்ணன் கையில் மீன் கோர்த்த ஈர்க்கோடு வந்தார். விறாந்தைக்கு வெளியே மணலில் நின்றார்.

"கறிக்கு" என்றார்.

"உள்ளுக்கு வாங்கோவன். சத்தியம் தடுக்குதோ?"

"வாசற்படி எண்டுதானே சொன்னனான். அது முன்பக்கம். இங்க படி எங்க இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே விறாந்தையில் ஏறி, கதவுக்குள்ளால் ஹோலுக்குள் வந்து கதிரையில் இருந்தார். மச்சாளிடம் இந்த விளக்கத்தை ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அந்த வேகத்திலேயே தெரிந்தது. பச்சை நிலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் அந்த வீட்டில் பிறந்தவர்தான். தேத்தண்ணி குடித்தார். மஞ்சள் கொஞ்சம் கூடிப்போச்சு என்றார். நான் அடுத்த சட்டையை எடுத்து மெசினில் வைத்தேன்.

போகும்போது கடல் பக்கத்தாலேயே இறங்கினார். இறங்கியவர், எந்த நினைவுமில்லாமல், கை நீட்டி ஒரு பலகையைக் கொண்டியிலிருந்து கழற்றி இழுத்தார். உள்ளே இருக்கிறவளுக்குக் காவலாகச் சாத்திவிட்டுப் போகிற பழக்கம்.

"அண்ணை" என்றேன். மெசினை நிறுத்தவில்லை. "கையை எடுங்கோ."

எடுத்தார். பலகையைத் திரும்பச் சுவரில் சாய்த்து, கொண்டியை மாட்டி, மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டியும் பார்த்துவிட்டு, மணலில் இறங்கிப் போனார்.